ஊரை மாற்றினோம், உள்ளத்தை?



இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளாத ஒரு குணம் மனிதனோடு உடன்பிறந்தது. பசி தீர்ந்த மாடு மரநிழலில் படுத்து அசைபோடுகிறது. பசி தீர்ந்த மனிதனோ, 'இவ்வளவுதானா? இப்படியே இருந்துவிட வேண்டியதுதானா?' என்று கேட்டுக்கொண்டு எழுந்து நடக்கிறான். இந்தக் கேள்வியே அவனைக் காடு திருத்தவும் கடல் கடக்கவும் செய்தது. இதுவே அவனை இரவில் உறங்கவிடாமல் புரளவும் வைக்கிறது. தன்னிடமுள்ள குறைகள் அவனுக்குத் தெரிகின்றன. மாற வேண்டும் என்ற விருப்பமும் இருக்கிறது. ஆனால் ஆண்டுகள் பல கழிந்தும் அதே சினம், அதே சோம்பல், அதே பொறாமை. இந்தத் தவிப்பைப் பற்றிய சில எண்ணங்களை இன்று தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இந்தத் தவிப்பு புதியதன்று. பெங்களூர்த் தமிழர்களின் வரலாறே இதனோடு பிணைந்து கிடக்கிறது. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே ஒரு படைக் குடியிருப்பை அமைத்தார்கள். பழையவர்கள் அதனைத் 'தண்டு' என்பார்கள். அந்தப் படையின் பின்னே தமிழ் மாவட்டங்களிலிருந்து வணிகர்களும் கொத்தர்களும் எழுத்தர்களும் சமையற்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். 1880ஆம் ஆண்டை ஒட்டிக் கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பெருகியபோது ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்கடியில் இறங்கினார்கள். அந்தச் சுரங்கம் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் இன்று விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவில் வீடு திரும்புகிறார்கள். ஆலைகளுக்காக வந்தவர்கள், 1940இல் தொடங்கிய விமானத் தொழிற்சாலைக்காக வந்தவர்கள், இந்நாளில் கணினித் தொழிலுக்காக வருபவர்கள் என்று இந்த வரிசை நீண்டுகொண்டே போகிறது.

இவர்கள் அனைவரும் பிழைப்பை நாடி வந்தவர்களே. ஆயினும் பிழைப்போடு வேறொரு நம்பிக்கையையும் பலர் கொண்டு வந்திருப்பார்கள். 'புது ஊரில் நான் புது மனிதனாக இருப்பேன். அங்கே சேர்ந்த கூட்டம் இங்கே இல்லை, ஆகையால் குடிக்கமாட்டேன். அங்கே எரிச்சலூட்டிய உறவினர் இங்கே இல்லை, ஆகையால் சினங்கொள்ளமாட்டேன். அங்கே என்னைச் சோம்பேறி என்று எல்லாரும் அறிவார்கள். இங்கே ஒருவரும் அறியார்' என்பதே அந்த நம்பிக்கை. இது தவறான நம்பிக்கை என்று நான் சொல்லவில்லை. ஊர்ப்பெயரே ஒருவனுக்குச் சுமையாகிவிட்ட நிலையில், அந்தச் சுமையை இறக்கி வைக்கப் புது ஊர் ஓர் இடம் தருகிறது. ஆனால் ஆறு திங்கள் சென்ற பின் என்ன காண்கிறோம்? புதிய அண்டை வீட்டாரிடம் பழைய சினம் வெளிப்படுகிறது. புதிய அலுவலகத்தில் பழைய ஒத்திப்போடும் வழக்கம் தலைகாட்டுகிறது. கொண்டு வந்த டிரங்குப் பெட்டியின் அடியில், மடிப்புக் குலையாத வேட்டியைப் போல நம் குணங்களும் வந்துவிட்டன என்பது அப்போதுதான் தெரிகிறது.

அப்படியானால் மனிதன் மாற முடியாதா? மாற முடியுமென்றால், எதனால் மாறுகிறான்? இதற்கு விடை தேடும்போது, இதே பெங்களூருக்கு வெவ்வேறு காலத்தில் வந்து, இங்கே சில காலம் தங்கித் தம்மைத் தாமே திருத்திக்கொள்ள முயன்ற இருவர் என் நினைவுக்கு வருகிறார்கள். உலகம் அறிந்த இருவர். பிற்காலத்தில் ஒருவருக்கொருவர் எதிர்நிலையில் நின்ற இருவர். ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில், மற்றவர் காந்தியடிகள்.

சர்ச்சில் 1896ஆம் ஆண்டு அக்டோபரில் குதிரைப்படை அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்தார். அப்போது இருபத்திரண்டு வயது இன்னும் நிறையவில்லை. பள்ளிப் படிப்பில் பெயர் எடுக்காதவர்; படைக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் மூன்றாம் முறைதான் தேறியவர். மகன் பெரிய ஆளாவான் என்ற நம்பிக்கை இல்லாமலே தந்தையார் முந்திய ஆண்டில் காலமாகிவிட்டார். பெங்களூரில் அவருக்கு வேலை குறைவு. காலையில் படைப்பயிற்சி, மாலையில் போலோ ஆட்டம். இடையே நீண்ட நண்பகல். மற்ற அதிகாரிகள் அந்த நேரத்தில் உறங்கினார்கள் அல்லது சீட்டாடினார்கள். சர்ச்சிலும் சில நாள் ரோஜாச் செடி வளர்த்தார். பட்டாம்பூச்சிகளைப் பிடித்துச் சேர்த்தார். ஆயினும் உள்ளே ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் பேச்சில் வரும் பல சொற்களின் பொருள் தமக்கு விளங்கவில்லை என்பதே அந்த முள். அறவியல் என்றால் என்ன என்று தமக்குச் சொல்லித் தர ஆளில்லையே என்று ஏங்கியதாக அவரே பின்னாளில் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அவர் செய்தது எளிய காரியம். தாயாருக்கு எழுதிப் புத்தகங்களை வரவழைத்தார். ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிக் கிப்பன் எழுதிய பெருநூலையும், மெக்காலேயின் வரலாற்றையும், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், டார்வின் ஆகியோரின் நூல்களையும் நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் படித்தார். மெக்காலேயில் நாளொன்றுக்கு ஐம்பது பக்கம், கிப்பனில் இருபத்தைந்து பக்கம் என்று கணக்கு வைத்துக்கொண்டார். பழைய நாடாளுமன்ற விவாதங்களைப் படிக்கும்போது, முதலில் அந்தப் பொருள் பற்றித் தம் கருத்தைத் தாளில் எழுதி வைப்பார். பிறகே தலைவர்களின் பேச்சைப் படித்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஓர் ஆசிரியரும் இல்லை, தேர்வும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும் பேச்சாளர்களில் ஒருவரும், 1953ஆம் ஆண்டில் இலக்கியத்திற்கு நோபல் பரிசு பெற்றவருமாகிய அந்த மனிதர் உருவானதில் பெங்களூரின் நண்பகல்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இங்கே நாம் கற்கத்தக்கது ஒன்று உண்டு. அவர் 'நான் அறிவாளியாகப் போகிறேன்' என்று சூளுரைக்கவில்லை. எத்தனை பக்கம், எந்த நேரத்தில் என்று வரையறுத்துக்கொண்டார். இருப்புக் கொள்ளாத மனத்திற்கு உட்கார ஓர் இருக்கை கொடுத்தார். தவிப்பைத் தீர்க்க ஊரைவிட்டு ஓடாமல், ஊரிலேயே ஒரு மேசையருகே அமர்ந்தார்.

ஆயினும் இந்த வரலாற்றை இவ்வளவோடு நிறுத்தினால் பாதி உண்மையே சொன்னதாகும். சர்ச்சில் திருத்திக்கொண்டது தம் அறியாமையை. தம்மைச் சுற்றி வாழ்ந்த மக்களைத் தாழ்வாக எண்ணும் மனப்பான்மையை அவர் ஒரு குறையாகவே கருதவில்லை. ஆகையால் அது திருந்தவும் இல்லை. இந்த நாட்டின் மண்ணில் அமர்ந்து ரோமாபுரியின் வரலாற்றைப் படித்தவர், இந்த நாட்டு மக்களின் மொழியையோ மனத்தையோ அறிய முயலவில்லை. 1931ஆம் ஆண்டில், அரசப் பிரதிநிதியோடு பேசச் சென்ற காந்தியடிகளை அரை நிர்வாணப் பக்கிரி என்று இகழ்ந்தவரும் அவரே. 1930களில் இந்தியாவுக்குத் தன்னாட்சி அளிப்பதைக் கடுமையாக எதிர்த்தவரும் அவரே. நாம் எந்தக் குறையைக் குறை என்று ஒப்புக்கொள்கிறோமோ அதைத்தான் திருத்த முயல்கிறோம். நமக்குப் பெருமையாகத் தோன்றும் குறை, எத்தனை நூல் படித்தாலும் நம்மோடு இருந்துவிடுகிறது. மற்றவர் கண்ணுக்கு மலையாகத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

இனி, அந்தப் பக்கிரியிடம் வருவோம்.

1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஓயாத சுற்றுப்பயணத்தின் நடுவே காந்தியடிகளின் உடல்நிலை திடீரென்று சீர்குலைந்தது. இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது. முழு ஓய்வு கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொன்னார்கள். அவ்வாறே ஏப்ரலில் பெங்களூருக்கு வடக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள நந்தி மலைக்கு வந்தார். ஜூன் மாதம் மலையிலிருந்து இறங்கிப் பெங்களூரில் குமார பார்க் மாளிகையில் தங்கி, ஆகஸ்டு வரையில் இருந்தார். ராஜாஜி உடனிருந்து கவனித்துக்கொண்டார். ஐம்பத்தேழு வயது, நாடு முழுவதும் கதர்ப் பணி காத்துக் கிடக்கிறது, உடலோ ஒத்துழைக்க மறுக்கிறது. செயலே உருவான ஒருவருக்கு ஓய்வைவிடக் கடுமையான தண்டனை வேறில்லை.

அந்த ஓய்வில் அவர் என்ன செய்தார்? நூல் நூற்றார்; கடிதம் எழுதினார். உடல் சற்றுத் தேறியதும், பெங்களூரில் அரசாங்கத்தார் நடத்திவந்த பால்பண்ணை நிலையத்திற்குச் சென்று, மாடு வளர்க்கும் முறையையும் பால் பேணும் முறையையும் ஒரு மாணவரைப் போலக் கற்றார். அங்கிருந்த பார்வையாளர் ஏட்டில் தம்மைச் சபர்மதியைச் சேர்ந்த விவசாயி என்று குறித்தார். அடுகோடியில் இன்றும் அந்த நிலையம் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டலக் கிளையாக நடந்து வருகிறது. பசுவைக் காக்க வேண்டும் என்று பல மேடைகளில் பேசியவர், பசுவை எப்படிப் பேணுவது என்பது தமக்குப் போதிய அளவு தெரியவில்லை என்பதை உணர்ந்து, அதைத் தெரிந்துகொள்ள ஐம்பத்தேழாம் வயதில் பாடம் கேட்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அந்த ஆண்டில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. அவருடைய 'சத்திய சோதனை' 1925ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1929ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் 'நவஜீவன்' இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. அதன் முதற்பகுதி நூல் வடிவம் பெற்றதும் 1927இல்தான். நாடே தலைவர் என்று வணங்கிய ஒருவர், வாரம் ஒன்றாகத் தம் குற்றங்களை அச்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அவர் அவற்றை எப்படி எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். 'நான் பாவி, நான் கடையன்' என்று பொதுவாகப் புலம்பவில்லை. பதினைந்து வயதில், அண்ணன் பட்ட கடனைத் தீர்ப்பதற்காக அண்ணனின் பொற்காப்பிலிருந்தே ஒரு துண்டை வெட்டி எடுத்ததைச் சொல்கிறார். அதைக் கடிதமாக எழுதி, நோயுற்றிருந்த தந்தையின் கையில் கொடுத்ததையும், தந்தை கண்ணீர் வடித்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டதையும் சொல்கிறார். 1898ஆம் ஆண்டில் டர்பன் நகரில், வீட்டில் தங்கியிருந்த எழுத்தர் ஒருவரின் கழிவுக் கலத்தைச் சுமக்க மனைவியார் தயங்கியபோது, அவர் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்துச் சென்று வெளியே தள்ளப் பார்த்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். என்ன தவறு, எந்த ஊரில், எவருக்கு, அதனால் எவர் அழுதார் என்பதெல்லாம் அங்கே உண்டு.

பொதுவான தன்னிழிவுக்கும் குறிப்பான தன்னறிவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். 'நான் மோசமானவன்' என்று சொல்லிக்கொள்வதில் ஒருவகைச் சுகமும் இருக்கிறது. அதன் பின் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் 'நேற்று மாலை, கணக்கில் ஐந்து ரூபாய் குறைந்ததற்காகப் பத்து வயதுச் சிறுவனை நான்கு பேர் நடுவே திட்டினேன்' என்று சொன்னால், அடுத்து செய்யவேண்டியது தானே தெரிந்துவிடுகிறது. அந்தச் சிறுவன் இருக்கிறான். அவனுக்கு ஒரு சொல் கடன்பட்டிருக்கிறோம். பெயரில்லாத குறையை யாராலும் திருத்த இயலாது. பெயரும் நாளும் தெரிந்த குறையிடம் சென்று நிற்க முடியும்.

காந்தியடிகள் தம்மைத் திருத்திக்கொண்டார் என்பதனால் அவர் வாழ்வில் எல்லாம் சீராகிவிட்டதா? இல்லை. இதற்கும் பெங்களூரே சாட்சி. 1936ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் மீண்டும் நந்தி மலையில் தங்கினார். அந்த மாத இறுதியில் அவருடைய மூத்த மகன் ஹரிலால் மதமும் பெயரும் மாற்றிக்கொண்டார் என்ற செய்தி பம்பாயிலிருந்து வந்தது. ஜூன் மாதத் தொடக்கத்தில் பெங்களூரிலிருந்து காந்தியடிகள் ஓர் அறிக்கை வெளியிட்டார். மனமார ஏற்ற மாற்றமாயின் தமக்கு அதில் குறையொன்றும் இல்லை; ஆனால் குடி முதலிய பழைய பழக்கங்கள் போய் மகன் புதிய மனிதனானானா என்பதே தம் கேள்வி என்பது அதன் சாரம். எந்தச் சமயத்தையும் குறை கூறிய அறிக்கை அன்று அது. பெயரை மாற்றுவது ஒரு நாளில் முடியும், பழக்கத்தை மாற்றுவது அப்படி முடியாது என்று அறிந்த ஒரு தந்தையின் துயரம் அது. சில திங்களில் ஹரிலால் பழைய சமயத்திற்கே திரும்பினார். குடியோ அவரை விடவில்லை. தந்தை மறைந்த அதே 1948ஆம் ஆண்டில் அவரும் மறைந்தார்.

ஹரிலாலை எள்ளுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. அவரும் மாற விரும்பியவரே. ஊர் மாற்றினார், தொழில் மாற்றினார், சமயமும் மாற்றினார். தவிப்பு அவரிடம் குறைவாக இருந்ததில்லை. ஒருவேளை தந்தையைவிட அதிகமாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தவிப்பு ஓரிடத்தில் அமர்ந்து ஒரு வேலையைப் பற்றிக்கொள்ளவில்லை. தந்தையாரும் தம் பொறுப்பைத் தட்டிக் கழிக்கவில்லை. மூத்த மகனிடம் காணும் குறைகள், தம் இளமையின் கட்டுப்பாடற்ற வாழ்வின் எதிரொலி என்று 'சத்திய சோதனை'யிலேயே ஒப்புக்கொள்கிறார். நம்மைத் திருத்திக்கொள்வது நம் கையில் உள்ளது. மற்றவரைத் திருத்துவது எவ்வளவு பெரியவர் கையிலும் இல்லை. ஆனால் நம் குறைகளின் நிழல் நம் பிள்ளைகள்மேல் விழுகிறது. 'என் குணம் எனக்கு, இதனால் எவருக்கு என்ன?' என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது என்பதை இந்தக் குடும்பத்தின் துயரம் நமக்குக் காட்டுகிறது.

இந்த இரு வரலாறுகளையும் வைத்துக்கொண்டு நம் வள்ளுவரிடம் போவோம். பெங்களூர்த் தமிழர்களுக்கு அவர் அருகிலேயே இருக்கிறார். அல்சூர் ஏரியின் அருகே 1991ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அவருடைய சிலை, பதினெட்டு ஆண்டுகள் திரையிட்டபடியே நின்றது. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டது. அதே மாதத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. இரு மொழியாரின் மனங்கள் மாறுவதற்கும் காலம் தேவைப்பட்டது.

வள்ளுவர் 'குற்றங்கடிதல்' என்று ஓர் அதிகாரத்தையே வகுத்தார்; அது நாற்பத்து நான்காவது அதிகாரம். அதனைத் துறவிகளுக்கு என்று வைக்காமல், ஆள்வோருக்குரிய பகுதியில் வைத்தார். செருக்கு, சினம், கருமித்தனம் முதலியவற்றை அங்கே பெயர் சொல்லியே எண்ணுகிறார். அதற்கு அடுத்து அவர் வைத்த அதிகாரங்களை நோக்குங்கள். நாற்பத்தைந்தாவது, 'பெரியாரைத் துணைக்கோடல்'. நாற்பத்தாறாவது, 'சிற்றினஞ் சேராமை'. குற்றத்தை நீக்கு என்று சொன்னவர், உடனே துணையைத் தேடு என்றும், தீய கூட்டத்தை விலகு என்றும் சொல்கிறார். தனியே அமர்ந்து மன உறுதி ஒன்றினாலேயே மாறிவிடலாம் என்று அவர் நம்பவில்லை போலும். நம் தவறு நம் கண்ணுக்குத் தெரியாதபோது, அதை அஞ்சாமல் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பெங்களூரில் படித்த சர்ச்சிலுக்கு நூல்கள் இருந்தன. இந்த நாட்டைப் பற்றிய அவருடைய எண்ணம் தவறு என்று இடித்துரைக்கும் துணை இருந்ததாகத் தெரியவில்லை.

அயலூரில் வாழும் நமக்கு இந்த இடத்தில்தான் பெரிய குறை இருக்கிறது. சொந்த ஊரில் நாம் தடம் மாறினால், 'என்னடா இது?' என்று கேட்கத் திண்ணையில் ஒரு பெரியவர் இருந்தார். அத்தை இருந்தாள், பள்ளி ஆசிரியர் இருந்தார். அவர்கள் கண்டிப்பு அப்போது கசந்தது. இங்கே கேட்பவர் எவரும் இல்லை. இது விடுதலை போலத் தோன்றினாலும், மாற விரும்புகிறவனுக்கு இது பெரும் இழப்பே. ஆகையால் நாம் அந்தத் துணையைத் தேடி அமைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்ச் சங்கத்தில் ஒரு மூத்தவராக இருக்கலாம். உடன் வேலை செய்யும் கன்னட நண்பராக இருக்கலாம். வீட்டிலேயே மனைவியாகவோ கணவராகவோ இருக்கலாம். 'இந்த ஒரு குறையை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்' என்று நாமே அவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். கேளாமல் சொல்லப்படும் அறிவுரை சினத்தை மூட்டும். நாமே கேட்டுப் பெற்றதை மனம் ஓரளவு பொறுக்கும்.

நம் அண்டை வீட்டாராகிய கன்னடர்கள் நெஞ்சோடு வைத்திருக்கும் ஒரு நூலையும் இங்கே நினைக்கலாம். டி. வி. குண்டப்பா 1943ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மங்குதிம்மன கக்க' என்ற கவிதை நூல் அது. 945 செய்யுள்கள் கொண்டது. பள்ளிப் படிப்பையே முடிக்காமல் இந்த நகருக்கு வந்து, அறிஞர் என்று நாடு போற்றும்படி உயர்ந்தவர் அவர். 1945இல் கோகலே பொதுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. அவ்வளவு கற்றவர், தம் நூலில் பேசுகிறவனுக்குச் சூட்டிய பெயர் 'மந்தபுத்தித் திம்மன்' என்ற பொருள் தரும் பெயர். பிறருக்கு அறம் உரைக்கும் உயர்ந்த இடத்தில் தம்மை நிறுத்தாமல், தவறு செய்யும் ஒருவனாகவே வைத்துப் பேசினார். மாற விரும்புகிறவன் நிற்கத்தக்க இடம் அதுவே. இந்த ஊரில் வாழும் தமிழர் ஒருவர், நாளைக்கு ஐந்து சொல்லாகக் கன்னடம் கற்று, ஓர் ஆண்டில் அந்த நூலை ஒரு கன்னடரின் உதவியோடு படிக்கத் தொடங்குவாராயின், அதுவும் ஒரு நல்ல மாற்றமே.

'நாளைக்கு ஐந்து சொல்' என்றேன். சிறியதாகத் தொடங்குவதற்கு அறிவியலின் ஆதரவும் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 96 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, 2009ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு சிறு செயலைத் தேர்ந்தெடுத்து நாள்தோறும் செய்ய வேண்டும். உணவோடு ஒரு பழம் உண்பது, தண்ணீர் அருந்துவது, சிறிது ஓடுவது போன்றவை அவை. அந்தச் செயல் தானே நடக்கும் பழக்கமாக மாற எத்தனை நாள் ஆயிற்று என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள். சிலருக்கு 18 நாளே போதுமாயிற்று. வேறு சிலருக்கு 254 நாள் வரை தேவைப்படும் என்று கணக்கு காட்டிற்று. இடையில் ஒரு நாள் தவறியதனால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் தெரிந்தது.

இந்தக் கடைசிச் செய்தியை நாம் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். புத்தாண்டு நாளில் சூளுரைத்து, பொங்கலுக்குள் ஒரு நாள் தவறிவிட்டால், 'என்னால் ஆகாது' என்று முழுவதையும் விட்டுவிடுகிறோமே, அதுதான் நம் பெருங்கேடு. தவறிய நாள் ஒரு நாள் மட்டுமே. மறுநாள் காலை அந்தச் செயல் நம்மை அங்கேயே காத்திருக்கிறது. சினம் வந்தவன், 'இனிச் சினமே கொள்ளேன்' என்று சொல்லாமல், 'இன்று மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை வீட்டில் குரலை உயர்த்தேன்' என்று வைத்துக்கொள்ளட்டும். அந்த இரண்டு மணி நேரம் அவன் ஆளக்கூடிய சிற்றரசு. அதை ஆளக் கற்றபின் எல்லையை விரிக்கலாம்.

ஒன்றை மட்டும் இங்கே தனியாகச் சொல்லிவிட வேண்டும். எல்லா அமைதியின்மையும் குணக்குறை அன்று. உறக்கமே வராமல், உணவில் விருப்பமின்றி, வாரக் கணக்கில் நெஞ்சு படபடத்துக்கொண்டிருந்தால், உயிரின்மேல் வெறுப்புத் தோன்றினால், அது நோயாக இருக்கலாம். அங்கே அறிவுரை பயன்படாது; மருத்துவர் வேண்டும். இந்த நகரில் 1954ஆம் ஆண்டு தொடங்கிய அகில இந்திய மனநலக் கழகம், 1974இல் நிம்ஹான்ஸ் என்ற பெரும் நிறுவனமாக வளர்ந்து, நாடெங்கிலுமிருந்து வருவோருக்கு மருத்துவம் செய்து வருகிறது. கைபேசியை விட முடியாமல் தவிப்பவர்களுக்கென்று அங்கே 2014ஆம் ஆண்டில் தனிப் பிரிவே தொடங்கினார்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் முதல், 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறும் வசதியை மத்திய அரசு ஏற்படுத்தியிருக்கிறது. எந்த மாநிலத்தில் இருந்தாலும் தமிழில் பேச வேண்டும் என்று கேட்கலாம். காய்ச்சலுக்கு மருந்து உண்பதில் வெட்கம் இல்லாதபோது, மனத்தின் நோய்க்கு மருந்து தேடுவதில் மட்டும் வெட்கம் எதற்கு?

நேயர்களே, அமைதியின்மையை முற்றிலும் ஒழித்துவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. அது ஒழிந்தால் மனிதன் வளர்வதும் நின்றுவிடும். நம் முன்னோர் அதனால்தான் ஊர் விட்டு ஊர் வந்தார்கள். நாமும் அதனால்தான் இங்கே இருக்கிறோம். அந்தத் தவிப்பு நம்மைத் துரத்துகிற வேட்டை நாயாக இராமல், நாம் நீர் இறைக்க உதவுகிற மாடாக ஆக வேண்டும். அதற்கு ஒரு கயிறும் ஒரு கவலைப் பாதையும் போதும்.

இன்றிரவு உறங்கப் போகும் முன், நம் குறைகள் அனைத்தையும் எண்ணி நெஞ்சு நோக வேண்டியதில்லை. ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்வோம். அது கடைசியாக எந்த நாளில், யாரிடம் வெளிப்பட்டது என்று நினைத்துப் பார்ப்போம். அவரிடம் நாளை ஒரு நல்ல சொல் சொல்வோம். அந்தக் குறைக்கு மாற்றாக நாள்தோறும் செய்யத்தக்க ஒரு சிறு செயலைக் குறித்துக்கொள்வோம். அதைப் பார்த்துச் சொல்லும்படி ஒருவரைக் கேட்டுக்கொள்வோம். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடர்வோம். ஊரை மாற்றும் துணிவு நமக்கு முன்பே இருந்தது. அந்தத் துணிவில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.